ஜீப்புக்கு வைத்த ஒட்டு

நான் ஜீப்புக்கு வெல்டிங் வைத்தது ஒரு சனிக்கிழமை காலை. என் தங்கைக்குத் தேர்வு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போதே என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. காலண்டரில் இரண்டு நாளும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் அவளே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். தினமும் அந்தக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் நான் சட்டை மாட்டுவேன்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்குக் கீழே. மலை மேலே ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். பஸ்ஸை நம்பினால் முதல் பீரியட் போய்விடும். அதனால் ஒரு மரவள்ளி வியாபாரியிடமிருந்து பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினேன். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் வழியில் ஏறிக்கொள்வார்கள். அந்த ஜீப்பைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. என் மனைவி அதை என் இரண்டாம் சம்சாரம் என்பாள்.

அந்த வருஷ மழையில் ஒரு நாள், மலையிலிருந்து இறங்கும்போது காலடியில் சேறு பீய்ச்சியடித்து பேன்ட் முழங்கால் வரை நனைந்தது. வீட்டுக்கு வந்து ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சுற்றிலும் ஸ்குரூ டிரைவரால் குத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டே போனது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தரையே இல்லை. மலைச் செம்மண் விரிப்புக்கு அடியில் வருஷக்கணக்காக ஈரத்தோடு படிந்து கிடந்து தகரத்தைத் தின்றிருக்கிறது. நான்தான் ஒரு நாள்கூட விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் டிங்கரிங் வேலை செய்பவரிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சீட்டெல்லாம் கழட்டணும் சார். துரு புடிச்சதெல்லாம் வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடணும். ஒரு வாரம் வண்டிய வுட்டுட்டுப் போங்க" என்றார். திங்கட்கிழமை வண்டியை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும் என்றேன். "அப்போ அவசரப்படாம வேற தேதி வாங்கிக்கினு வாங்க" என்றார். நான் வீட்டிலேயே செய்துகொள்கிறேன் என்றதற்கு அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனால் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இவர் என்ன பெரிய கம்பசூத்திரம் செய்கிறார், இரண்டு தகரத்தை ஒட்ட வைப்பதற்கு ஒரு வாரமா என்று திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் ஒரு சின்ன வெல்டிங் மெஷின் இருந்தது. டிபன் கேரியர் கூடை அளவுதான் இருக்கும். வீடியோ பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. அதை வைத்து ஒரு கேட், துணி காயப்போடும் ஸ்டாண்டு, ஆடுகிற பெஞ்சு ஒன்று என்று செய்திருந்தேன். அதற்கே தெருவில் "சார் கைவேலைக்காரரு" என்று பேராகிவிட்டது. பேர் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது.

இனி தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என்னைவிட ஏழு வயது சின்னவள். உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு பைகளோடு திரும்பி வந்தாள். அப்பா அம்மா இல்லை. நான் இருந்த வீடுதான் அவளுக்கும் வீடு. எங்கள் வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைப் பெருமையாக நான் வெளியில் சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் யாரும் சொல்லாமலே காலைச் சமையல் அவளிடம் போயிற்று, துணி அவளிடம் போயிற்று, என் மகளின் வீட்டுப்பாடம் அவளிடம் போயிற்று. அவள் எதையும் மாட்டேன் என்று சொல்லிக் கேட்டதே இல்லை. நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டோம்.

வேலையெல்லாம் முடித்துவிட்டு அவள் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தாள். முந்தின தடவை கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. இந்தத் தடவை அவளுக்கே நம்பிக்கை வந்திருந்தது. சமையல்கட்டுச் சுவரில் வரலாறு ஒட்டியிருக்கும், தண்ணீர்க் குடத்துக்கு மேலே பொருளாதாரம். ஒரு நாள் பேனா தேடி அவள் நோட்டைத் திறந்தபோது கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அடுப்பு ஒன்று, சின்ன குக்கர், பக்கெட் இரண்டு, பாய், நல்ல பூட்டு ஒன்று. வேலை கிடைத்துத் தனி வீடு எடுத்தால் வாங்க வேண்டியவை. அவள் எங்களிடம் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. நான் நோட்டை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அந்தத் தேர்வு அவளுக்கு என்ன என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்தேன். கொல்லைகளில் மோட்டார் போட்டுவிட்டால் எங்கள் தெருவில் வோல்டேஜ் படுத்துவிடும், வெல்டிங் கம்பியான ராடு தகரத்தோடு ஒட்டிக்கொண்டு எடுக்க வராது. அதனால் காலைதான் சரி. மனைவியும் மகளும் களமருதூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். துருவையெல்லாம் கிரைண்டரால் அரைத்து எடுத்து, ஓட்டைக்கு ஏற்ற மாதிரி தகரம் வெட்டி வைத்தேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம்தான் ஒரு சங்கதி புரிந்தது. ஒரு கையில் ராடு பிடிக்க வேண்டும், மறு கையில் முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி வைத்த அட்டையைப் பிடிக்க வேண்டும். தகரத்தை அழுத்திப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. செங்கல் வைத்துப் பார்த்தேன், வளைவில் நிற்கவில்லை, சறுக்கி விழுந்தது.

தங்கை சமையல்கட்டில் இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்று படித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தக் கட்டைய வச்சு தகரத்த ரவ அழுத்திப் புடி. பத்தே நிமிஷம்."

அவள் அந்தப் பக்கம் ஏறி, சீட்டுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தாள். "இன்னொரு கண்ணாடி இருக்குதாணா?" என்று கேட்டாள்.

"ஒன்னுதான் இருக்குது. நான் சொல்றப்ப கண்ண மூடிக்க" என்றேன். அப்புறம் ஏதோ தோன்றி, வண்டியில் கிடந்த என் கூலிங் கிளாஸை எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டாள். அது மூக்கில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

நான் அறிவியல் வாத்தியார். வெல்டிங் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கிறது, அது கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும், அப்போது ஒன்றும் தெரியாது, ஏழெட்டு மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும் என்று போர்டில் படம் போட்டு நடத்தியவன். சந்தைமேட்டில் வெல்டிங் பட்டறை வாசலில் வேடிக்கை பார்த்த என் பள்ளிப் பிள்ளைகளைக் காதைத் திருகி விரட்டியவன். அந்த ஆள் தன் தங்கைக்குக் கூலிங் கிளாஸ் கொடுத்தான். ஏன் என்று கேட்டால், ஏழரை மணி ஆகிவிட்டது, வோல்டேஜ் போய்விடும், திங்கட்கிழமை எஃப்.சி. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் தீப்பொறி எழும்வரை ஒன்றும் தெரியாது, கும்மிருட்டு. ராடின் முனை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் தட்ட வேண்டும். பழகினவர்களுக்குக் கை தானாகப் போகும். எனக்குப் போகவில்லை. இரண்டு தடவை தப்பான இடத்தில் தட்டி நல்ல தகரத்தைச் சுட்டேன். அப்புறம் அவளே வழி சொல்ல ஆரம்பித்தாள்.

"இன்னும் ரவ இந்தாண்ட. ஆங், கீழ. அங்கதான்."

அங்கதான் என்று அவள் சொல்வதும் நான் தட்டுவதும் ஒன்றாக நடக்கும். அவள் கண்ணை மூடுவதற்குள் வெளிச்சம் வந்துவிடும். அவள் முகத்துக்கும் அந்த வெளிச்சத்துக்கும் ஒன்றரை முழம் இருக்கும். நான் இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தேன். கண்ணை மூடிக்க என்று ஒவ்வொரு தடவையும் சொன்னதாக என் ஞாபகம்.

பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆனது. பழைய தகரம் மெலிந்திருந்ததால் தொட்ட இடமெல்லாம் உருகி ஓட்டை பெரிதானது. அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு புள்ளி, அதைச் சுற்றி இன்னொன்று. இட்லி அடியில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடை வந்தது. அவள் இறங்கி ஓடி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து கட்டையைப் பிடித்தாள். கடைசிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, மேலே ஏறி நின்று இரண்டு காலாலும் குதித்தேன். அசையவில்லை. எனக்கு ஒரே குஷி. டிங்கரிங்காரரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் போல இருந்தது. அவள் கூலிங் கிளாஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லா வந்திருக்குதுணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூன்றரை மணி இருக்கும். வெல்டிங் வைத்த இடத்துக்கு ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தங்கை வாசலுக்கு வந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னான்னே தெரீலணா. கண்ணுல மண்ண வாரிக் கொட்டின மாரி இருக்குது."

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மணியைக்கூடக் கூட்டிப் பார்த்தேன். ஏழெட்டு மணி நேரம். பிரஷ் கையில் இருந்தது, டப்பா திறந்திருந்தது, பாதி அடித்திருந்தேன். இப்போது விட்டால் பெயின்ட் திட்டுத்திட்டாகக் காயும். நான் தலையைத் தூக்காமலே சொன்னேன்.

"ராப்பகலா படிச்சிக்கினே இருந்தா கண்ணு சூடாவாம இன்னா பண்ணும்? தண்ணி வுட்டு நல்லா கழுவு. ரவ நேரம் படு."

சரிணா என்று போனாள். கழுவும் சத்தம் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டது. மண் என்று நினைத்தால் யாரும் கசக்கத்தான் செய்வார்கள். கசக்காதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவார்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் பிள்ளை பெற்றிருக்கிற வீட்டில் போய்க் கேட்பது சாதாரணம், அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. எதிர் வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை இருந்தது. நான் போய்ப் பால் கேட்டால், எதற்கு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கேட்கத் தேவையே இல்லை. அறிவியல் வாத்தியார் வீட்டில் வெல்டிங் பட்டுவிட்டது என்று தெருக்கோடி வரை தெரிந்துவிடும். தாய்ப்பாலால் ஒன்றும் ஆகாது, அழுக்குத்தான் சேரும் என்பது நான் பாடத்தில் சொல்கிற விஷயம். ஆனால் அன்றைக்கு நான் போகாததற்கு அது காரணமில்லை. பாலை விடுங்கள், டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம். அதற்கும் நான் அசையவில்லை. இரண்டாவது கோட்டு பெயின்ட் அடித்தேன்.

ஐந்தே கால் மணிக்கு எதிர் வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உறைமோர் வாங்க வந்தாள். உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தேன், பேச்சு தெளிவாகக் கேட்டது.

"இன்னாக்கா இது, கண்ணு இப்பிடி வீங்கிக் கெடக்குது? இது வெல்டிங் அடிச்ச கண்ணாச்சே. காலைல உங்கூட்டாண்டதான பளிச்சு பளிச்சுனு இருந்துச்சு?"

தங்கை உடனே சொன்னாள். "இல்லம்மா. துணி ஒதறினேன், மண்ணு வுழுந்துடுச்சு."

சோப்பு நுரை கையில் அப்படியே இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கண் சூடு என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது. சரிணா என்று போனதும் தெரிந்துதான்.

அந்தப் பெண் நம்பவில்லை. குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு, சமையல்கட்டிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பால் பீய்ச்சி தங்கையின் இரண்டு கண்ணிலும் விட்டாள். நான் நிலைப்படியில் நின்றேன். அது கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பது? போகும்போது அவள் என்னைப் பார்த்து, "டாக்டராண்ட இட்டுக்கினு போங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அந்த சார் என்பதில் வழக்கமான மரியாதை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜீப்பில் பெயின்ட் ஈரம். டூவீலரில் உட்கார வைத்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். தலையில் முக்காடு போட்டு முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டு வந்தாள். எதிரே வருகிற வண்டி வெளிச்சம் பட்டால் சட்டையை இறுக்கிப் பிடிப்பாள். கண் டாக்டரம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் சொட்டு மருந்து விட்டு விளக்கடித்துப் பார்த்தார்.

"வெல்டிங் எங்க பாத்தீங்க?"

"தெருவுல வேல நடந்துச்சு மேடம். வேடிக்க பாத்துட்டேன்" என்றாள் தங்கை.

"சின்னப் புள்ளையா நீங்க? வேடிக்க பாக்கறதுக்கு வேற ஒன்னும் கெடைக்கலியா?" என்று டாக்டரம்மா நன்றாகவே திட்டினார். எனக்கு விழ வேண்டிய திட்டு. அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பக்கத்திலேயே ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்றார். அண்ணன் என்றேன். என்ன வேலை என்றார். ஆசிரியர் என்றேன்.

"என்ன சப்ஜெக்ட்?"

"கணக்கு" என்றேன்.

எதற்காக அந்தப் பொய் வந்தது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. நாக்கு தானாகப் புரண்டது. தங்கை வீங்கிய கண்ணோடு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள், உடனே திருப்பிக்கொண்டாள்.

"அரிக்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா இவ்ளோ ஆயிருக்காது. கசக்கிக் கசக்கி மேல்தோல உரிச்சு வச்சிருக்காங்க. கண்ட பாலையும் வேற வுட்டிருக்கீங்க. பார்வைக்கு ஒன்னும் ஆவாது, ரெண்டு நாள்ல சரியாயிடும். அதுவரைக்கும் கண்ணுக்கு ஓய்வு குடுக்கணும்."

நாளைக்குக் காலையில் தேர்வு என்று நான் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "கஷ்டம்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைப் படுக்க வைத்துக் கண்ணில் ஈரத்துணி போட்டேன். எனக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. அவள் நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தேன். துணிக்கு அடியிலிருந்து அவள் பதில் சொன்னாள். ஒவ்வொன்றும் சரி. சட்டத் திருத்தங்கள், ஆறுகள், சங்க நூல்கள், வட்டிக் கணக்கைக்கூட மனசுக்குள் போட்டுச் சொன்னாள். ஒன்றாவது தப்பாகச் சொல்ல மாட்டாளா என்று நான் ஏங்க ஆரம்பித்துவிட்டேன். இவளுக்கு எப்படியும் வந்திருக்காது என்று நினைத்துக்கொள்ள ஏதாவது ஒரு பிடி வேண்டியிருந்தது. அப்படி நினைத்ததுதான் அந்த இரண்டு நாளில் நான் செய்ததிலேயே அசிங்கமானது.

"போதும்ணா. நீ இன்னும் சாப்படல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் கூட்டிப் போனேன். நல்ல மழை. தேங்கிய தண்ணீரில் விட்டபோது ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அதில் சந்தோஷம் வந்தது. உடனே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். இமை இரண்டும் தடித்து, நடுவே ஒரு கோடாகத்தான் கண் தெரிந்தது. அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வந்தாள், கசக்கவில்லை.

தேர்வு நடந்த பள்ளிக்கு வெளியே அண்ணன்மார், அப்பாமார், கைக்குழந்தையோடு புருஷன்மார் என்று கூட்டமாக நின்றிருந்தோம். யாரோ என்னிடம், "உங்க வூட்ல யாரு சார் எழுதறாங்க? நல்லா படிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். நன்றாகப் படித்திருக்கிறாள் என்றேன். அதுவாவது உண்மை.

மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்படிம்மா?" என்றேன்.

"மொத பாதி பரவால்லணா. அப்பறம் எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. விடைத்தாள்ல வட்டம் மாறி மாறிப் போச்சு. தெரிஞ்ச வரைக்கும் கருப்பாக்கினேன்."

வண்டியில் ஏறியதும் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைப் பார்த்தவர் காலால் தரையைத் தட்டிவிட்டு, "யார் வேல? ஸ்ட்ராங்கா இருக்குது" என்றார். நான்தான் சார் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

களமருதூரிலிருந்து மனைவி திரும்பி வந்தபோது கண் வீக்கம் வடிந்திருந்தது. கண்ணில் மண் விழுந்தது என்று தங்கை அவளிடமும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே செய்தித்தாள் படித்தேன். நான் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். மலை ஏறும்போது நினைப்பேன், இறங்கும்போது நினைப்பேன், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் மறந்துவிடுவேன். மறந்தது போல இருந்துவிடுவேன் என்று சொல்வதுதான் சரி. அந்தப் பாடம் வந்த வாரம், வகுப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. அவள் எண் இல்லை.

அன்று சாயங்காலம் நானும் மகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தங்கை அடுப்படியில் தோசை ஊற்றிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். மனைவி சட்னிக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே, "கடைசி மாசம் இன்னும் கவனமா படிச்சிருந்தா வந்திருக்கும். டிவி முன்னாடி உக்காந்த நேரமெல்லாம் போச்சு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை, அவளுக்கும் ஆற்றாமை. தங்கை, "ஆமா அண்ணி, என் மேலதான் தப்பு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தகரம் பிடிக்கக் கூப்பிட்டது, கூலிங் கிளாஸ், பிரஷைக் கீழே வைக்காமல் சொன்ன கண் சூடு, டாக்டரம்மாவிடம் கணக்கு வாத்தியார் ஆனது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் ஏதாவது இருக்கட்டுமே என்று கடைசியில் ஒன்று சேர்த்தேன். "கண்ண மூடிக்கன்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள். "அன்னிக்கே ஏண்டி என்னாண்ட சொல்லல?"

தங்கை தோசைக் கரண்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். யாரோ ஒருத்தர் கதையைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"சொல்லி இன்னா அண்ணி ஆவப்போவுது? மொத ரெண்டு தடவ மூடிக்கினேன். தகரம் நவுந்து போச்சு. கண்ண மூடிக்கினு இருந்தா இன்னாத்துக்கு உன்ன கூப்புட்டேன், ஒரு வேலைக்கும் லாயக்கில்லன்னு அண்ணன் கத்துச்சு. அதுக்கப்பறம் தொறந்தே வச்சிக்கினேன். நான் இந்த வூட்லதான அண்ணி இருக்கணும்?"

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவள் சொன்னதும் என் குரல், அந்த எரிச்சல், தகரம் தரையில் விழுந்த சத்தம், எல்லாம் திரும்பி வந்தன. கண்ணை மூடிக்க என்று சொன்னதும் அந்த முதல் இரண்டு தடவைதான். அடுப்பில் கல் காய்ந்து புகைகிற வாடை வந்தது.

தங்கை என் தட்டைப் பார்த்தாள்.

"ரெண்டோட நிறுத்திட்டியேணா. இன்னொரு தோச ஊத்தவா?"